ஹென்றி மாட்ஸ்லி

பம்பரம் ஆடிய சிறுவர் யாவரும் ஓர் உண்மையை அறிவர். ஆணி நேர் நடுவில் அமைந்த பம்பரம் ஆடாது அசையாது நின்று சுழலும்; ஆணி ஒரு நெல்லளவு விலகினும் அது தள்ளாடித் தரையில் சாயும். சுழலும் பொருள் எதற்கும் மையமே உயிர். வண்டிச் சக்கரம் முதல் ஆலைகளின் பெருஞ்சக்கரம் வரை யாவும் இவ்விதிக்கு உட்பட்டனவே.

ஆயினும், மையத்தினின்றும் வேண்டுமென்றே விலக்கி அமைக்கப்படும் உறுப்புகளும் பொறிகளில் உண்டு. முன்னும் பின்னும் செல்லும் இயக்கத்தைச் சுழற்சியாக மாற்றவும், சுழற்சியை மீண்டும் முன்பின் இயக்கமாக மாற்றவும் அவை உதவுகின்றன. தையற்பொறியின் ஊசி ஏறி இறங்குவதும், மோட்டார் வண்டியின் எஞ்சினில் பிஸ்டன் ஏறி இறங்கிச் சக்கரங்களைச் சுழற்றுவதும் இத்தகைய உறுப்புகளின் துணையாலேயே ஆகும். இவற்றில் மையம் விலகியிருத்தல் குறையன்று. விலகிய அளவு தவறுதலே குறையாம். ஓர் அங்குலம் விலக வேண்டிய இடத்தில் ஓர் அங்குலமே விலகுதல் வேண்டும். அவ்வளவு தவறின் பொறி தன்னைத் தானே தேய்த்துக் கெடும்.

இத்தகைய செம்மையைக் கண்ணையும் கையையும் மட்டும் நம்பி எப்பொழுதும் பெறுதல் அரிது. கையின் திறனைப் பொறிக்கு ஊட்டி, கண்ணின் மதிப்பை அளவுகோலுக்கு மாற்றிய பெரியோர் சிலர் தோன்றினர். அவருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ஹென்றி மாட்ஸ்லி என்னும் ஆங்கிலத் தொழிலறிஞர் ஆவர்.

பிறப்பும் இளமையும்

இலண்டன் மாநகரின் கிழக்கே, தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், உல்விச் என்னும் ஊர் உளது. அக்காலத்தே அங்கு அரசினரின் படைக்கலச் சாலை புகழுடன் விளங்கியது. பீரங்கிகள் வார்க்கும் உலைகளும், கொல்லர் பட்டறைகளும், தச்சர் கூடங்களும் நிறைந்த அவ்வூரில் 1771ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22ஆம் நாள் மாட்ஸ்லி பிறந்தார். அவர் தந்தையாரின் பெயரும் ஹென்றியே. தந்தையார் படையில் சக்கரங்கள் செய்யும் தச்சராக இருந்தவர். போரில் காயமுற்ற பின்னர்ப் படைக்கலச் சாலையில் பண்டகக் காப்பாளராக அமர்ந்தார். மக்கள் எழுவருள் மாட்ஸ்லி ஐந்தாமவர்.

1780இல் தந்தையார் இயற்கை எய்தினார். மாட்ஸ்லிக்கு அப்போது வயது ஒன்பதே. குடும்பத்தை வறுமை சூழ்ந்தது. பள்ளியில் நெடுநாள் பயிலும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. 12ஆம் வயதில் அவர் படைக்கலச் சாலையில் வேலைக்குச் சேர்ந்து, துப்பாக்கித் தோட்டாக்களில் வெடிமருந்து நிரப்பும் பணியைச் செய்தார். இரண்டாண்டுகள் கழித்துத் தச்சர் கூடத்திற்கு மாற்றப்பட்டார். ஆனால், மரத்தை இழைப்பதினும் இரும்பைக் காய்ச்சி அடிப்பதிலேயே அவர் உள்ளம் சென்றது. ஓய்வு கிடைத்த போதெல்லாம் கொல்லுலையின் அருகே சென்று நிற்பார். அவருடைய ஆர்வத்தைக் கண்ட மேலோர், 15ஆம் வயதில் அவரைக் கொல்லுலைக்கே மாற்றினர். அங்கே சம்மட்டியும் அரமும் உளியும் அவருக்கு எழுத்தும் எண்ணும் ஆயின. சில ஆண்டுகளில், அரம் பிடிப்பதில் அவருக்கு நிகர் அவரே என்னும் பெயர் இலண்டன் பட்டறைகள் வரை எட்டிற்று.

பிராமாவின் பட்டறையில்

அந்நாளில் இலண்டன் மாநகரில் ஜோசப் பிராமா என்னும் பொறியாளர் வாழ்ந்தார். கள்வரால் திறக்கவொண்ணாத பூட்டு ஒன்றை அவர் கண்டு, 1784இல் அதற்கு அரசினரிடம் காப்புரிமை பெற்றிருந்தார். சிறு குழாய் வடிவான சாவியும், அதன் முனையில் வெவ்வேறு ஆழத்தில் அமைந்த பிளவுகளும், அப்பிளவுகளுக்கு ஏற்ப நகரும் தகடுகளும் கொண்டது அப்பூட்டு. அதன் உறுப்புகள் மிக நுட்பமானவை. ஒன்றைக் கையால் செய்து முடிப்பதற்கே வல்ல தொழிலாளர் பல நாள் உழைக்க வேண்டியிருந்தது. கருத்து சிறந்ததாயினும் அதனைக் கருவியாக்கும் கைகள் கிடைக்காமல் பிராமா தவித்தார். அந்நிலையில் மாட்ஸ்லியின் பெயர் அவர் செவிக்கு எட்டியது.

வந்து நின்ற மாட்ஸ்லிக்கு அப்போது வயது 18. அவரது இளமையைக் கண்டு பிராமா தயங்கினார். ஏழாண்டுகள் ஓர் ஆசானிடம் முறையாகப் பணி பயிலாத ஒருவரைத் தேர்ந்த தொழிலாளரோடு அமர்த்தின் மற்றவர் பொறார் என்னும் அச்சமும் அவருக்கு இருந்தது. பட்டறையின் மூலையில் தேய்ந்து பழுதுற்ற பிடிகருவி ஒன்று கிடந்தது. வைஸ் எனத் தொழிலாளர் வழங்கும் அக்கருவியை மாட்ஸ்லி சுட்டிக்காட்டி, அன்று மாலை ஆறு மணிக்குள் அதனைப் புதியது போல் ஆக்கிக் காட்டின் அமையுமா என வினவினார். பிராமாவும் இசைந்தார். இளைஞர் மேலாடையைக் களைந்து வேலையில் இறங்கினார். தேய்ந்த தாடைகளை நீக்கி, எஃகு முகங்களைப் பொருத்தி, அவற்றைக் கொத்தி, அரம் கொண்டு செப்பமாக்கி, உறுதியேற்றி, குறித்த நேரத்திற்கு முன்னரே முடித்து வைத்தார். அதன்பின் அவரை மறுத்துரைப்பார் எவரும் இலர்.

பிராமாவின் பட்டறையில் மாட்ஸ்லி எட்டு ஆண்டுகள் பணியாற்றி, விரைவில் தலைமைத் தொழிலாளராக உயர்ந்தார். பூட்டின் உறுப்புகளைச் செய்வதற்கெனத் தனிப் பொறிகளையும் கருவிகளையும் அவர் ஆக்கினார். அவற்றால் உறுப்புகள் ஒன்றைப் போல் ஒன்று அமைந்தன, செலவும் குறைந்தது. அவர் கைத்திறனால் உருவான பூட்டு ஒன்றைக் கடையின் பலகணியில் வைத்து, அதனைத் திறப்பார்க்கு 200 கினி பரிசு என்று பிராமா அறிவித்தார். அப்பூட்டை எவராலும் திறக்க இயலவில்லை. அறுபதாண்டுகள் கழித்து, 1851இல் இலண்டனில் பெரும் பொருட்காட்சி நடந்தபோது, ஹாப்ஸ் என்னும் அமெரிக்கப் பூட்டு வல்லுநர் 16 நாள்களில் 51 மணி நேரம் முயன்று அதனைத் திறந்தார். ஒரு பூட்டு இத்துணைக் காலம் நின்றமைக்குக் கருத்தின் நுட்பம் ஒரு காரணம் எனின், கைவினையின் செம்மை மற்றொரு காரணம் ஆகும்.

தனித் தொழில்

1791இல் மாட்ஸ்லி சாரா என்னும் மங்கையை மணந்தார். மக்கள் பிறந்தனர்; செலவு பெருகிற்று. தலைமைத் தொழிலாளராக இருந்தும் அவர் பெற்ற ஊதியம் வாரம் 30 ஷில்லிங்கே. 1797இல் அதனை உயர்த்துமாறு அவர் வேண்டினார். வேண்டுகோள் மறுக்கப்பட்டது. மனக்கசப்பால் தொழிலைக் கைவிடாமல், அதனையே துணையாகக் கொண்டு அவர் வெளியேறினார். ஆக்ஸ்போர்டுத் தெருவை அடுத்த வெல்ஸ் தெருவில் சிறு பட்டறை ஒன்றைத் தொடங்கினார். ஓவியர் ஒருவர் தம் திரைச்சீலையைத் தாங்கும் பெரிய சட்டகத்திற்கு வேண்டிய இரும்பு வேலையே அவருக்குக் கிடைத்த முதல் பணியாகும். சிறு பணி என்று எண்ணாமல் அதனையும் அவர் செவ்வனே செய்தார். நற்பெயர் பரவிற்று, வேலை வளர்ந்தது. பின்னர்ப் பட்டறை மார்கரெட் தெருவுக்கு மாறியது.

கடைசல் பொறியின் மறுபிறப்பு

கடைசல் பொறி மிகப் பழமையானது. கட்டிற்கால், தொட்டிற்கால், பம்பரம் முதலியவற்றை மரத்தில் கடையும் தொழிலாளர் பல நாடுகளிலும் தொன்றுதொட்டு இருந்தனர். கடையப்படும் பொருள் இரு கூர்முனைகளுக்கு இடையே நின்று சுழலும். தொழிலாளர் ஓர் உளியை இரு கைகளாலும் பற்றி, அதனைச் சுழலும் பொருளின் மீது அழுத்துவர். மரத்திற்கு இம்முறை போதும். ஆனால், இரும்பைக் கடையும்போது உளி துள்ளும், கை சலிக்கும். தொடக்கத்தில் ஒரு பருமனும் முடிவில் மற்றொரு பருமனுமாகத் தண்டு அமையும். வேலையின் செம்மை தொழிலாளரின் அன்றைய உடல்நலத்தையும் மனநிலையையும் பொறுத்ததாயிற்று.

மாட்ஸ்லி உளியைக் கையினின்றும் விடுவித்தார். கனத்த இரும்புத் தாங்கி ஒன்றில் உளியை இறுகப் பிணித்து, அத்தாங்கியைச் செம்மையான இரும்புப் பாதையின் மீது திருகால் நகரச் செய்தார். உளி இப்போது துள்ளாது, சலியாது, விலகாது. தொழிலாளர் திருகின் பிடியை மெல்லத் திருப்பினாலே போதும். உளித்தாங்கி முழுவதும் மாட்ஸ்லி ஒருவரே கண்டது எனல் பொருந்தாது. பிரெஞ்சு நாட்டு வோகான்சன், இங்கிலாந்தின் ராம்ஸ்டன் முதலியோர் அவருக்கு முன்னரே அத்தகைய அமைப்புகளைக் கையாண்டனர். சிதறிக் கிடந்த நற்கருத்துகளை ஒன்றுகூட்டி, முற்றிலும் இரும்பாலும் எஃகாலும் உறுதியாகச் செய்து, நாள்தோறும் பட்டறையில் உழைக்கும் பொறியாக அதனை ஆக்கியதே மாட்ஸ்லியின் பெருமை.

1800ஆம் ஆண்டையொட்டி அவர் செய்த திருகு கடையும் பொறி இலண்டன் அறிவியற் காட்சிச்சாலையில் காக்கப்பட்டு வருகிறது. அதில் நெடிய திருகு ஒன்று உளித்தாங்கியை இழுத்துச் செல்லும். பொருளின் சுழற்சிக்கும் அந்நெடுந்திருகின் சுழற்சிக்கும் இடையே பற்சக்கரங்கள் உள்ளன. அச்சக்கரங்களை மாற்றினால், நெருக்கமான புரிகளையோ அகலமான புரிகளையோ வேண்டியவாறு கடையலாம். அதற்கு முன் ஒவ்வொரு திருகும் தனக்குரிய மரையோடு மட்டுமே பொருந்தும். பொறியைக் கழற்றுவோர் இன்ன திருகுக்கு இன்ன மரை எனக் குறியிட்டு வைத்தல் வேண்டும். குறி மாறின் துன்பமே. மாட்ஸ்லி தம் பட்டறையில் இன்ன பருமனுக்கு இத்தனை புரிகள் என வரையறை செய்தார். ஒரு திருகின் மரை அதே அளவுள்ள மற்றொரு திருகுக்கும் பொருந்தலாயிற்று.

பிறழ்மையத் தண்டு

உளித்தாங்கியின் அருமை, மையம் விலகிய தண்டுகளைக் கடையும்போது நன்கு விளங்கும். நீராவிப் பொறியில் பிஸ்டன் உருளையினுள் முன்னும் பின்னும் செல்கிறது. உருளையின் இரு முனைகளிலும் நீராவியை மாறி மாறி விடுதற்கு வால்வு ஒன்று காலந்தவறாது அசைதல் வேண்டும். சுழலும் முதன்மைத் தண்டின் மீது வட்டமான உறுப்பு ஒன்று, தன் நடுவில் அல்லாமல் சற்றே ஒதுங்கி அமைந்திருக்கும். இதனைப் பிறழ்மைய உறுப்பு எனலாம். அதனைச் சுற்றி வளையம் ஒன்றும், வளையத்தினின்று வால்வுக்குச் செல்லும் கோல் ஒன்றும் உண்டு. தண்டு ஒரு முறை சுழலும்போது கோல் ஒரு முறை சென்று மீளும். அது செல்லும் தொலைவு, மையம் விலகிய அளவைப்போல் இருமடங்காகும். ஓர் அங்குலம் மையம் விலகின் வால்வு ஈரங்குலம் நகரும்.

தண்டும் இவ்வுறுப்பும் ஒரே இரும்பில் அமையுமாறு கடைதல் எவ்வாறு? தண்டின் இரு முனைமுகங்களையும் முதலில் தட்டையாக்குவர். ஒவ்வொரு முகத்திலும் இரு புள்ளிகளைக் குறிப்பர்: ஒன்று தண்டின் உண்மையான மையம், மற்றொன்று வேண்டிய அளவு விலகிய இரண்டாம் மையம். ஒரு முனையின் இரண்டாம் மையமும் மறுமுனையின் இரண்டாம் மையமும் தண்டின் ஒரே பக்கத்தில், நேருக்கு நேராக அமைதல் வேண்டும். இதற்காகத் தண்டைச் சமதளப் பலகையின் மீது அசையாது கிடத்தி அளந்து குறிப்பர். புள்ளிகளில் சிறு குழிகள் இட்டு, முதல் மையங்களில் தண்டை நிறுத்திக் கடைவர். பின்னர் அதனைக் கழற்றி, இரண்டாம் மையங்களில் நிறுத்துவர்.

இப்போது தண்டு முழுதும் ஒருபக்கம் வீசிச் சுழலும். உளி தொடர்ந்து படாமல், ஒவ்வொரு சுற்றிலும் புடைத்த பக்கத்தில் மட்டும் மோதி, மறுபக்கத்தில் வெற்றிடம் காணும். கையால் பிடித்த உளியாயின் இம்மோதலில் எகிறிவிடும். இரும்புத் தாங்கியில் பிணித்த உளியோ ஒவ்வொரு மோதலையும் தாங்கி, சிறிது சிறிதாகச் சீவும். தண்டை மெதுவாகச் சுழற்றுவர். வீச்சைத் தணிக்க எதிர்ப்பக்கத்தில் எடை கட்டுவர். முடிவில், முதல் வட்டத்தோடு மையம் ஒவ்வாத புதிய வட்டம் ஒன்று உருவாகும். விலகல் பெரிதாயின் இரண்டாம் மையம் தண்டின் முகத்திற்கு வெளியே விழும். அப்போது முனைகளில் இரும்புக் கைகளைப் பொருத்தி, அவற்றில் மையத்தைக் குறிப்பர். கிராங்கு என்னும் வளைதண்டுகளைக் கடையும் முறைகளுள் இதுவும் ஒன்று.

குறித்த புள்ளிகள் நேருக்கு நேராக அமையாவிடின், புதிய வட்டம் சாய்ந்து நிற்கும். பொறி இயங்கும்போது தாங்கிகள் சூடேறித் தேயும்; கோல் முறுகும். கடைபவர் எத்துணை வல்லவராயினும் குறிப்பில் நேர்ந்த பிழையைக் கடைசலால் நீக்க இயலாது. ஆகவே, கடைசலுக்கு முன் அளவும், அளவுக்கு முன் சமதளமும் வேண்டும். மாட்ஸ்லியின் பட்டறை பெருமை பெற்றது இவ்விரண்டினாலேயே ஆகும்.

1807இல் அவர் மேசை போன்ற இரும்புச் சட்டத்தின் மீது உருளையை நிறுத்திய சிறு நீராவிப் பொறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். மேலே ஏறி இறங்கும் பிஸ்டனின் இயக்கத்தைப் பக்கக் கோல்கள் கீழே கொணர்ந்து, மேசையின் அடியிலுள்ள வளைதண்டைச் சுழற்றின. சிறிய இடத்தில் அடங்கிய இப்பொறி பல பட்டறைகளில் நெடுநாள் உழைத்தது.

அளவும் சமதளமும்

மாட்ஸ்லி தம் தொழிலாளரின் மேசைகளின் அருகே செம்மையாகச் சமமாக்கப்பட்ட இரும்புப் பலகைகளை வைத்திருந்தார். தாம் அராவிய பொருளின் முகம் நேராக உள்ளதா என ஐயுறுவோர், அதனை அப்பலகையின் மீது வைத்துச் சோதிப்பர். மேடும் பள்ளமும் தாமே வெளிப்படும்.

அளவில் ஐயம் தோன்றின் அதனைத் தீர்ப்பதற்கு மற்றொரு கருவி அவரிடம் இருந்தது. இரு தாடைகளுக்கிடையே பொருளை வைத்து, நுண்ணிய திருகால் அவற்றை நெருக்கி அளக்கும் கருவி அது. ஓர் அங்குலத்தைப் பதினாயிரம் கூறாக்கி, அதில் ஒரு கூற்றையும் அது காட்டவல்லது. அதற்கு அவர் இட்ட பெயர் லார்டு சான்சலர் என்பது. ஆங்கில நாட்டில் அக்காலத்தே முறை மன்றங்களின் தலைமை நடுவருக்கு உரிய பட்டம் அது. தொழிலாளர் இருவர் அளவில் மாறுபடின், அக்கருவியின் தீர்ப்பே முடிவு. முதலாளியின் சொல்லும் அதற்கு மேற்பட்டதன்று. மனிதரின் தரமும் வயதும் நோக்காது, உண்மையை மட்டும் உரைக்கும் நடுவர் ஒருவரை அவர் பட்டறையில் அமர்த்தினார் எனலாம்.

கப்பித் தொழிற்சாலை

அக்காலக் கப்பல்கள் பாய்மரத்தால் இயங்கின. பாய்களை ஏற்றவும் இறக்கவும் கயிறு ஓடும் கப்பிகள் வேண்டும். பெரிய போர்க்கப்பல் ஒன்றுக்கு ஏறக்குறைய 1000 கப்பிகள் தேவைப்பட்டன. கடற்படை முழுவதற்கும் ஆண்டுதோறும் ஓர் இலட்சம் கப்பிகள் வேண்டியிருந்தன. மார்க் இசம்பார்டு புரூனல் என்னும் பிரெஞ்சுப் பிறப்பினர், கப்பிகளைப் பொறிகளால் செய்யும் திட்டம் ஒன்றை வகுத்தார். தம் திட்டத்தை மறைத்து, சில உறுப்புகளின் வரைபடங்களை மட்டும் கொணர்ந்து மாட்ஸ்லியிடம் வேலை தந்தார். சில நாள்களுக்குள், அவை கப்பி செய்யும் பொறிக்கு உரியன என மாட்ஸ்லி உய்த்துணர்ந்து கூறினார். அவர் அறிவை வியந்த புரூனல் திட்டம் முழுவதையும் அவரிடம் ஒப்படைத்தார்.

1802 முதல் 1808 வரை, போர்ட்ஸ்மத் கப்பல்துறைக்கென நாற்பதுக்கும் மேற்பட்ட பொறிகளை மாட்ஸ்லி செய்தளித்தார். மரத்தை அறுப்பது ஒன்று, துளையிடுவது ஒன்று, கடைவது ஒன்று என ஒவ்வொன்றும் ஒரு வேலைக்கு உரியது. 1808இல் அத்தொழிற்சாலை 1,30,000 கப்பிகளை ஈந்தது. முன்னர் 110 வல்லுநர் செய்த வேலையை, தனிப்பயிற்சி பெறாத 10 பேர் செய்தனர். அப்பொறிகள் சில ஒரு நூற்றாண்டுக்கு மேலும் உழைத்தன.

இதனைக் கேட்பார்க்கு மகிழ்ச்சியோடு கவலையும் தோன்றுதல் இயல்பே. கைத்தொழிலை நம்பி வாழ்ந்த நூறு பேரின் திறன் அங்கே விலையற்றுப் போயிற்று. அவர்தம் துன்பத்தை மறைத்துப் பொறியின் வெற்றியை மட்டும் பாடுதல் நேர்மை ஆகாது. எனினும், திறன் உலகினின்று மறையவில்லை. கப்பி செய்யும் இடத்தினின்று, கப்பிப் பொறியைச் செய்யும் இடத்திற்குப் பெயர்ந்தது. பெயர்ந்த இடத்திற்கு மக்களையும் அழைத்துச் செல்வது, பொறியைப் படைக்கும் சமுதாயத்தின் கடமையாகும்.

கப்பல்களும் சுரங்கமும்

1810இல் மாட்ஸ்லி தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் உள்ள லாம்பத் பகுதிக்குத் தொழிற்சாலையை மாற்றினார். அப்போது அவரிடம் 80 தொழிலாளர் இருந்தனர். ஜோஷுவா பீல்டு என்பார் பின்னர்க் கூட்டாளியாயினார். கப்பல்களுக்கு உரிய நீராவிப் பொறிகளைச் செய்வதில் அத்தொழிற்சாலை தலைசிறந்து விளங்கியது. துடுப்புச் சக்கரங்களைச் சுழற்றும் பெரிய வளைதண்டுகள் கடலலையின் தாக்குதலையும் தாங்க வேண்டியவை. அவற்றின் செம்மையிலேயே கப்பலில் உள்ளோரின் உயிர் அடங்கியிருந்தது.

1825இல் என்டர்பிரைஸ் என்னும் கப்பல் மாட்ஸ்லியின் பொறிகளோடு இங்கிலாந்தின் பால்மத் துறைமுகத்தினின்று புறப்பட்டு, பாயின் துணையும் கொண்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, 113 நாள்களில் கல்கத்தாவை அடைந்தது. இங்கிலாந்தினின்று இந்தியாவுக்கு வந்த முதல் நீராவிக் கப்பல் அதுவே. அவ்வாண்டிலேயே புரூனல் தேம்ஸ் ஆற்றின் அடியில் சுரங்கம் அகழத் தொடங்கினார். அகழ்வோர் மீது மண் சரியாமல் காக்கும் பெரிய இரும்புக் கேடயத்தை மாட்ஸ்லியின் தொழிற்சாலையே செய்தளித்தது. அதன் 36 அறைகளில் நின்று தொழிலாளர் மண்ணை அகழ்ந்தனர். 1843இல் திறக்கப்பட்ட அச்சுரங்கத்தின் வழியே இக்காலத்தும் இரயில்கள் செல்கின்றன.

மாணாக்கர்

ஆசானின் பெருமை மாணாக்கரால் விளங்கும். மாட்ஸ்லியின் பட்டறை, தொழிலறிஞர் பலரை உருவாக்கிய பள்ளியாயிற்று. கணக்கிடும் பொறியை வகுத்த பாபேஜுக்கு அதன் உறுப்புகளைச் செய்தளித்த ஜோசப் கிளெமென்ட் அங்கே பணியாற்றியவர். நூற்பாலைகளுக்குத் தானியங்கும் நூற்புப் பொறியை அளித்த ரிச்சர்டு ராபர்ட்ஸும் அங்கே பயின்றவரே. மாட்ஸ்லி ஒரு பட்டறைக்கு வகுத்த திருகு ஒழுங்கை, 1841இல் நாடு முழுவதற்கும் உரியதாக விரித்துரைத்தவர் ஜோசப் விட்வொர்த் என்னும் மாணாக்கர். 1829இல் வந்து சேர்ந்த ஜேம்ஸ் நாஸ்மித் மாட்ஸ்லியின் தனி உதவியாளராக விளங்கினார். கப்பல் ஒன்றின் மிகப் பருத்த துடுப்புத் தண்டை அடித்து உருவாக்க வல்ல சம்மட்டி எங்கும் இல்லை என்று கேள்வியுற்ற நாஸ்மித், 1839இல் நீராவிச் சம்மட்டியை வரைந்து காட்டினார்.

இவர்கள் யாவர்க்கும் மாட்ஸ்லி கற்பித்தவை சில எளிய நெறிகள். செய்யப்போகும் பொருளை முதலில் மனத்தில் தெளிவாகக் காண வேண்டும். தேவையற்ற உறுப்பு எதனையும் சேர்த்தல் ஆகாது. ஓர் இரும்புத் துண்டை எடுத்தால், அஃது எப்பணிக்கு உரியது என்பதை மறவாதிருத்தல் வேண்டும். இவற்றை அவர் சொல்லால் மட்டுமன்றிச் செயலாலும் காட்டினார். பெருஞ்செல்வரான பின்னரும் பட்டறையில் நின்று அரம் பிடிப்பதில் இன்பம் கண்டார்.

மறைவு

முதுமை நெருங்கியபோது மாட்ஸ்லியின் உள்ளம் வானியலில் ஈடுபட்டது. தொலைநோக்கி ஒன்றைச் செய்யவும், நார்வுட்டில் வீடு வாங்கி அங்கே வானை ஆராயும் கூடம் அமைக்கவும் எண்ணியிருந்தார். அவ்வெண்ணம் நிறைவேறவில்லை. 1831ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பிரெஞ்சு நாட்டில் நண்பர் ஒருவரைக் கண்டு மீளும்போது கடற்குளிரால் நோயுற்று, பிப்ரவரித் திங்களில், தம் 59ஆம் வயதில் இயற்கை எய்தினார். பிறந்த ஊராகிய உல்விச்சிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவர் தாமே வகுத்த வடிவில், லாம்பத் தொழிற்சாலையில் வார்க்கப்பட்ட இரும்பு நினைவுச் சின்னம் அவர் கல்லறை மீது அமைந்தது.

அவருக்குப் பின் அவருடைய மக்களும் பீல்டும் தொழிற்சாலையை நடத்தினர். 1838இல் பிரிஸ்டலினின்று புறப்பட்டு 15 நாள்களில் நியூயார்க்கை அடைந்த கிரேட் வெஸ்டர்ன் என்னும் பெருங்கப்பலின் 750 குதிரைத்திறன் கொண்ட பொறிகள் அங்கேயே செய்யப்பட்டன.

வெடிமருந்து நிரப்பிய ஏழைச் சிறுவர் ஒருவர், கல்லூரி காணாதவர், ஓர் உளியைத் தாங்கியில் நிறுத்தியதால் தொழிலுலகின் போக்கே மாறிற்று. இன்று பட்டறைகளில் கணிப்பொறியின் ஆணைப்படி உளி நகர்கிறது. மயிரிழையினும் நுண்ணிய அளவுகள் எளிதில் கிட்டுகின்றன. ஆயினும், மையத்தைச் சரியாகக் குறித்த பின்னரே தண்டு சரியாகச் சுழலும் என்னும் விதி மாறவில்லை. கையால் உழைப்பது இழிவன்று. கருத்தின்றி உழைப்பதும், அளவின்றி உழைப்பதுமே இழிவாம். செய்யும் தொழில் சிறிதாயினும் பெரிதாயினும், அதன் மையத்தை ஐயமறக் கண்டு, அளவறிந்து செய்வோரின் ஆக்கம், செய்தவர் மறைந்த பின்னரும் நின்று பயன் தரும். ஹென்றி மாட்ஸ்லியின் வாழ்க்கை இதற்குச் சிறந்த சான்றாகும்.